புதிய பூட்டும் பழைய கதவும்

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில், உப்பல் செல்லும் பெருஞ்சாலையின் மேல் அமைந்தது ஹப்சிகுடா. அபிசீனிய நாட்டினின்றும் வந்து நிஜாம் மன்னர்களிடம் காவற்படை வீரராய்ப் பணிபுரிந்த ஹப்சியர் தங்கியிருந்த இடமாதலால் இப்பெயர் வழங்கலாயிற்று என்பர். மன்னரும் போயினர், குதிரையும் வாளும் போயின. பெயர் மட்டும் நின்றது. இன்று அதே சாலையில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும், உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும் இருக்கின்றன. இவற்றிலும், சுற்றிலுமுள்ள கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் பொருட்டுத் தமிழகத்தினின்றும் வந்து குடியேறிய குடும்பங்கள் இங்குண்டு. பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழரைப் போன்றே இவர்களும் ஊரை நெஞ்சிலும் உழைப்பை வேற்றூரிலும் வைத்து வாழ்பவர்கள்.

இவ்வாறு வாழும் நமக்குக் காவல் வேண்டும் செல்வம் இப்போது பெட்டியில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. மாதந்தோறும் பெற்றோருக்கு அனுப்பும் பணமும், கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ உள்ள வங்கிக் கணக்கும், ஆதார் எண்ணும், காப்பீடும், ஓய்வூதியமும் யாவும் எங்கோ ஒரு மின்னேட்டில் வரிசை வரிசையாகப் பதிந்துள்ளன. தரவுத்தளம் என்று இந்நாளில் வழங்குவது அதனையே. ஊரில் இருப்பவர் ஐயம் ஏற்பட்டால் வங்கிக் கிளைக்கு நேரே சென்று, முகமறிந்த அலுவலரைக் கேட்டுத் தெளியலாம். வெளி மாநிலத்தில் இருப்பவர்க்கு அவ்வசதி இல்லை. அவர்க்கு அந்த ஏடே சாட்சி. அதில் உள்ள எண்ணே ஆள். ஆகவே அவ்வேட்டை எவ்வாறு பூட்டி வைத்திருக்கிறார்கள் என்னும் கேள்வி மற்றெவரினும் நமக்கு நெருங்கியது. ஏட்டைப் பூட்டும் முறைகள் யாவை, நல்ல பூட்டுக்கள் இருந்தும் பழைய பூட்டுக்களை ஏன் எளிதில் கைவிட முடிவதில்லை என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

மறைத்துச் சொல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறொரு பெயரிட்டு வழங்குவதைக் குழூஉக்குறி என்று நம் இலக்கண நூலார் வகைப்படுத்தினர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. வெளியார் ஒருவர் அச்சொல்லைக் கற்றுக்கொண்ட அன்றே மறைவு முழுதும் போய்விடும். இக்குறையை நீக்கும் கொள்கையை 1883-ஆம் ஆண்டில் கெர்க்காப்ஸ் என்னும் டச்சு அறிஞர் வகுத்துச் சொன்னார். மறைக்கும் முறை பகைவர் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேரலாகாது; சாவி ஒன்று மட்டுமே இரகசியமாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. திண்டுக்கல் பூட்டைச் செய்யும் விதம் ஊரறியும். ஆயினும் நம் வீட்டுச் சாவி நம் இடுப்பில் இருக்கும் வரையில் அச்சமில்லை அல்லவா? மறையீடு என்று நாம் இங்குக் குறிப்பிடுவது இத்தகைய பூட்டையே. எழுத்தையும் எண்ணையும் ஒரு சாவியைக் கொண்டு உருத்தெரியாமல் மாற்றி, அதே சாவியோ அதற்கு இணையான சாவியோ உடையவர் மட்டும் திரும்பப் பெறும்படி செய்வதே மறையீடு.

வங்கிகள் நெடுங்காலம் நம்பியிருந்த பூட்டு டி.இ.எஸ். எனப்படுவது. 1977-இல் அமெரிக்க அரசு அதனைப் பொது முறையாக ஏற்றது. அதன் சாவி 56 இருநிலை எண்களால் ஆனது. அத்தகைய சாவிகள் ஏறக்குறைய 720 கோடி கோடி அமையும். ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பது மனிதனால் ஆகாது என்று அந்நாளில் பெரும்பாலோர் கருதினர். ஆனால் எந்திரங்கள் ஆண்டுதோறும் விரைவு பெற்றன. 1998-இல் ஒரு குடியுரிமை அமைப்பார் இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு பொறியைச் செய்து, மூன்று நாளுக்குள் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டினர். அன்றோடு அப்பூட்டின் காலம் முடிந்தது என்று அறிஞர் உணர்ந்தனர். 2001-இல் ஏ.இ.எஸ். என்னும் புதிய பூட்டு வெளிவந்தது. பெல்ஜிய நாட்டு அறிஞர் இருவர் அமைத்த அப்பூட்டு இன்று வரை உறுதியாகவே நிற்கிறது.

அப்படியாயின் உலகத்து வங்கிகள் யாவும் 2001-இலேயே புதிய பூட்டுக்கு மாறிவிட்டனவா? இல்லை. அவை இடைவழி ஒன்றைக் கைக்கொண்டன. பழைய பூட்டையே மும்முறை இடுவது அவ்வழி. முதற் சாவியால் பூட்டி, இரண்டாம் சாவியால் திறப்பது போலச் செய்து, மூன்றாம் சாவியால் மீண்டும் பூட்டுவார்கள். நடுவில் ஏன் திறத்தல் என்று நேயர்கள் கேட்கலாம். இதில்தான் நுட்பம் இருக்கிறது. மூன்று சாவிகளையும் ஒன்றாகவே வைத்துவிட்டால், முதற் பூட்டுதலும் நடுத் திறத்தலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஞ்சுவது பழைய ஒற்றைப் பூட்டு. அதாவது, புதிய எந்திரம் வேண்டும்போது பழைய எந்திரத்தின் மொழியிலும் பேசும். பழையதோடு இணங்கிப் போதலை இதனினும் திறமையாகச் செய்தல் அரிது.

இம்மும்மடிப் பூட்டு கெட்டது என்று நாம் சொல்லவில்லை. பல்லாண்டு அது நன்றாகவே காத்தது. ஆனால் பழைய பூட்டின் சிறுமையொன்று அதனுள்ளும் தங்கிவிட்டது. ஒரு தடவைக்கு 64 இருநிலை எண்களை மட்டுமே அது மறைக்கும். ஒரே சாவியால் மிகப் பெருந்திரளான செய்திகளை மறைத்தால் உள்ளிருப்பது கசியக்கூடும் என்று 2016-இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் புதிதாக மறைப்பதற்கு அதனைப் பயன்படுத்தும் அனுமதியை 2023-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தியது. 1998-இல் உலகறிய உடைந்த பூட்டின் வழித்தோன்றல் மேலும் 25 ஆண்டுகள் அனுமதியோடு வாழ்ந்தது என்பதை எண்ணும்போது, பழையதன் இழுப்பு எத்துணை வலியது என்று விளங்கும்.

இவ்விழுப்புக்குச் சோம்பலே காரணம் என்று முடிவு கட்டுதல் நியாயமன்று. ஹைதராபாத்திலிருந்தே ஓர் உதாரணம் காட்டுவோம். இந்நகரின் மாசாப் டாங்க் பகுதியில் வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1996-இல் ரிசர்வ் வங்கி அதனை நிறுவியது. பல வங்கிகளின் ஏ.டி.எம். எந்திரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தேசிய நிதி இணைப்பகம் 2004-இல் அந்நிறுவனத்தின் முயற்சியால் தொடங்கிற்று; 2009-இல் அது தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் கைக்கு மாறியது. ஹப்சிகுடா சாலையோரத்தில் ஒரு வங்கியின் எந்திரத்தில், கும்பகோணத்து வேறொரு வங்கியின் கார்டைச் செருகிப் பணம் எடுக்க முடிவது இவ்விணைப்பால்தான்.

அவ்வேளையில் நாம் அழுத்தும் நான்கு இலக்க இரகசிய எண் என்னவாகிறது? எந்திரத்திலேயே அது பூட்டப்படுகிறது. எந்திரத்துக்கு உரிய வங்கி அதனைப் பெற்று, எவர் கண்ணும் படாத தனிக் கருவிக்குள் திறந்து, இணைப்பகத்தோடு தான் பகிர்ந்துள்ள சாவியால் மீண்டும் பூட்டி அனுப்புகிறது. இணைப்பகமும் அவ்வாறே திறந்து பூட்டி, கணக்குள்ள வங்கிக்குச் சேர்க்கிறது. ஆக, மூவரும் ஒரே வகைப் பூட்டை அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் புதியதற்கு மாறினால் அவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காது, பணம் வராது. ஆயிரக்கணக்கான எந்திரங்களும் நூற்றுக்கணக்கான வங்கிகளும் சேர்ந்த சங்கிலியில், மிகப் பழைய கண்ணி எதுவோ அதுவே எல்லார்க்கும் வேகத்தை வகுக்கிறது. இரகசிய எண் நான்கு இலக்கமாகவே நிற்பதற்கும் இதுவே காரணம். 1967-இல் லண்டனை அடுத்த என்பீல்டில் முதற் பண எந்திரம் திறக்கப்பட்டது. அதனை அமைத்த ஷெப்பர்டு பாரன் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். அவருடைய மனைவியாரால் நான்கு இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைக்க இயலாமையால் நான்கே போதும் என்று தீர்மானித்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. உலக விதிகள் பன்னிரண்டு இலக்கம் வரை இடந்தருகின்றன. நாமோ இன்றும் நான்கையே அழுத்துகிறோம்.

கார்டின் முதுகில் உள்ள கருங்காந்தப் பட்டையின் கதையும் இத்தகையதே. அப்பட்டையில் எழுதியிருப்பது மறையீடு செய்யப்பெறாத எழுத்து. படிக்கும் கருவி உடையவன் எவனும் அதனைப் படித்து வேறொரு கார்டில் படியெடுத்துவிடலாம். சிப் எனப்படும் சில்லோ ஒவ்வொரு தடவையும் புதியதொரு மறைமொழியைத் தானே ஆக்கிக் கொடுக்கிறது. அதைப் படியெடுத்தும் பயனில்லை. 2016-இல் நம் நாட்டில் ஏறக்குறைய 32 இலட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்ற ஐயத்தால், வங்கிகள் பல கார்டுகளை முடக்கவும் இரகசிய எண்ணை மாற்றச் சொல்லவும் நேர்ந்தது. பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நாள் குறித்தது. நல்ல காரியம். ஆயினும் சில்லு வைத்த கார்டுகளின் முதுகிலும் பட்டை நீங்கவில்லை. சில்லைப் படிக்க முடியாத எந்திரம் எங்கேனும் இருக்கலாம் என்பதே அதற்குச் சொல்லும் காரணம்.

நிற்க. இதுகாறும் சொன்னது வழியில் செல்லும் செய்தியைப் பற்றியது. ஏட்டிலேயே தங்கியிருக்கும் செய்தியைப் பூட்டுவது எங்ஙனம்? அதற்குச் சில முறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் பழைய ஏட்டோடு எவ்வளவு இணங்குகிறது, எவ்வளவு காக்கிறது என்று இரண்டையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

பேரேடு முழுவதையும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது முதல் முறை. இரவில் பெட்டியைத் தூக்கிச் செல்லும் திருடனுக்கு எழுத்து விளங்காது. கணக்கரோ காலையில் பெட்டியைத் திறந்து வழக்கம்போல் எழுதலாம். ஏட்டில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. இணக்கம் முழுமையானது. ஆனால் பெட்டி திறந்திருக்கும் பகல் வேளையில் கணக்கர் வேடத்தில் வருகிறவனை அது தடுக்காது. இந்நாளில் பெரும்பாலான களவுகள் பகலில்தான் நிகழ்கின்றன.

ஏட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே மறைப்பது இரண்டாம் முறை. காவல் மிகும், தொல்லையும் மிகும். பதினாறு இலக்கக் கார்டு எண்ணுக்கென்று பதினாறு இலக்க அகலத்தில் வரைந்த பத்தியில், மறைத்தபின் வரும் நீண்ட எழுத்துக்கோவை அடங்காது. பெயர்களை அகர வரிசையில் அடுக்க முடியாது. நல்ல மறையீட்டில் ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு உருப்பெறுமாதலால், ஒருவர் பெயரைத் தேட வேண்டின் ஏடு முழுவதையும் திறந்து பார்த்தல் வேண்டும்.

தேடுதற்கு வசதியாக, ஒரே சொல் எப்போதும் ஒரே மறையுருவைப் பெறும்படி செய்தால் என்ன என்று சிலர் கருதினர். இது மூன்றாம் முறை. இதன் விளைவை 2013-இல் அடோபி என்னும் அமெரிக்க நிறுவனம் கண்டது. அதன் வாடிக்கையாளர் ஏடு களவு போயிற்று. பயன்பாட்டில் இருந்த கணக்குகளாக மூன்று கோடியே எண்பது இலட்சத்தை நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடவுச்சொற்கள் மும்மடிப் பூட்டால் மறைக்கப்பட்டே இருந்தன. ஆனால் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தவர் அனைவருக்கும் ஒரே மறையுரு இருந்தது. பக்கத்திலேயே, மறந்துபோனால் நினைவூட்டும் குறிப்பு, மறைக்கப்படாமல் எழுதியிருந்தது. பலர் எழுதிய குறிப்புக்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சாவி இல்லாமலே சொல்லை ஊகித்துவிட்டார்கள். இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அந்நிறுவனத்தின் நடைமுறை ஏடு அதற்கு ஓராண்டுக்கு முன்பே நல்ல முறைக்கு மாறியிருந்தது. களவு போனது, விரைவில் நிறுத்திவிடலாம் என்று துணைக்கு வைத்திருந்த பழைய ஏடு.

நான்காம் முறை, மறைத்தபின்னும் உருமாறாதபடி மறைப்பது. பதினாறு இலக்க எண்ணை மறைத்தால் வேறொரு பதினாறு இலக்க எண்ணே கிடைக்கும். பழைய பத்தியில் இடர்ப்பாடின்றி அமரும். 1997-இலேயே இக்கருத்துக்கு ஆய்வுரை எழுந்தது. 2016-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் இதற்கு இரண்டு முறைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் மறுவருடமே குறை கண்டுபிடிக்கப்பட்டது. சிறிய கட்டத்துக்குள் பெரிய இரகசியத்தை அடக்குவது எளிதன்று. நான்கு இலக்க எண்ணை இவ்வாறு மறைத்தால், பூட்டு எத்துணை வலியதாயினும் விடை பதினாயிரத்துள் ஒன்றாகத்தானே இருக்கும்?

ஐந்தாம் முறை வேறு வழியிற் செல்கிறது. இரகசியத்தைப் பழைய ஏட்டினின்றும் எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பொருளற்ற ஓர் அடையாள எண்ணை வைப்பது அது. உண்மை எண் தனியொரு பெட்டகத்தில், புதிய பூட்டின்கீழ் இருக்கும். கோயிலில் செருப்பை விட்டுவிட்டு வில்லை பெறுகிறோம். வில்லையைத் திருடுகிறவனுக்கு, பாதுகாக்கும் இடத்துக்கு வந்தாலன்றிச் செருப்பு கிடைக்காது. 2017-இல் ஆதார் ஆணையம் இதனையே கட்டளையாக்கிற்று. ஆதார் எண்ணைச் சேர்த்து வைக்கும் நிறுவனங்கள் அதனைத் தனிப் பெட்டகத்தில் மறைத்து வைத்து, மற்ற ஏடுகளில் குறிப்பெண்ணை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றது. 2022 அக்டோபர் முதல், கடைகளும் இணைய வணிகரும் நம் கார்டு எண்ணைத் தம்மிடம் வைத்திருக்கலாகாது, அடையாள எண்ணையே வைத்திருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியது. பெட்டகத்தைக் காக்கும் பொறுப்பு இதிலும் உண்டு. ஆனால் காக்க வேண்டிய இடம் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

இவ்வைந்தையும் ஒப்பு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். முதல் நான்கு முறைகளிலும், பழைய ஏட்டுக்கு எவ்வளவு வளைந்து கொடுக்கிறோமோ அவ்வளவுக்குக் காவல் தளர்கிறது. ஐந்தாவதில் பழைய ஏட்டின் உருவுக்கு இணங்குகிறோம். ஆனால் இரகசியத்தை அதனிடம் ஒப்படைப்பதில்லை. இணங்கத்தக்கது எது, இணங்கத் தகாதது எது என்பதை இம்முறை பிரித்துக் காட்டுகிறது.

கடவுச்சொற்களின் வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. கடவுச்சொல்லைத் திரும்பத் திறக்கும்படி பூட்டுவதே தவறு. அதனை அரைத்து மாவாக்கி வைக்க வேண்டும். மாவைக் கொண்டு அரிசியை மீட்க முடியாது. ஆனால் நாளை கொண்டுவரும் அரிசியை அவ்வாறே அரைத்து, இரு மாவும் ஒன்றா என்று பார்க்கலாம். ஆளுக்கொரு பிடி வேறு வேறு உப்பைச் சேர்த்து அரைத்தால், ஒரே சொல்லை உடையவர்க்கும் மாவு வேறாகும். உப்பு என்றே இத்துறையார் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பழைய முறையொன்று சொல்லைப் பெரிய எழுத்தாக்கி, பதினான்கு எழுத்தளவில் வெட்டி, ஏழேழாகப் பிளந்து, உப்பின்றி அரைத்தது. உடைப்பது எளிது. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. இதனினும் நல்ல முறையைக் கொணர்ந்தது. ஆனால் பழைய எந்திரங்கள் தடுமாறலாகாது என்று, நல்ல மாவுக்குப் பக்கத்திலேயே பழைய மாவையும் வைத்திருந்தது. திருடன் எதை எடுப்பான் என்று சொல்லவும் வேண்டுமோ? 2007-இல் விஸ்டா வெளிவந்தபோதுதான் பழையதைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இயல்பாக நின்றது. முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு இட்டு, கொல்லைக் கதவைக் கயிற்றால் கட்டிவைத்த வீடு இது.

திருடன் கொல்லைக் கதவைத் தேடுவதோடு அமையாமல், நம்மையே அதன் வழியாய் நடக்கவும் செய்வான். 2014-இல் இணையப் பாதுகாப்பில் கண்டறியப்பட்ட குறையொன்று இதனை உணர்த்திற்று. இரு எந்திரங்கள் நல்ல பூட்டில் பேச முயலும்போது இடையிலிருப்பவன் அப்பேச்சைக் குலைத்துக்கொண்டே இருந்தான். எதிர் எந்திரத்துக்குப் புதியது தெரியாது போலும் என்றெண்ணி, அவை தாமே 1996-ஆம் ஆண்டின் பழைய முறைக்கு இறங்கிவந்தன. இறங்கியபின் அவன் வேலை எளிதாயிற்று. முதியவர்க்கென்று வைத்த தாழ்படி திருடனுக்கு ஏணியாயிற்று.

அப்படியானால் பழையதை ஒரே நாளில் வெட்டி எறிவதுதான் வழியோ? அதுவும் அன்று. ஊரில் தனித்திருக்கும் முதிய தாய் ஒருவரை எண்ணிப் பாருங்கள். புதிய கார்டு அஞ்சலில் வந்து, அதனை இயக்கும் வகை தெரியாமல், பழையது குறித்த நாளில் நின்றுவிட்டால், மருந்துக்கும் பணமின்றித் தவிப்பவர் அவர்; தொலைவிலிருந்து தவிப்பவர்கள் நாம். களவுபோன கணக்கும் திறவாத கணக்கும் அன்றைய தேவைக்கு ஒன்றே. ஆகவே பழையதை மதித்தல் வேண்டும். எந்த அளவுக்கு மதிப்பது என்பதே கேள்வி.

இதற்கு விடை நம் எழுத்து வரலாற்றிலேயே இருக்கிறது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. துதிக்கை வைத்து எழுதிய லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்கள் நீங்கின. பழைய நூல்களை நாம் எரித்துவிடவில்லை. இன்றும் எடுத்துப் படிக்கிறோம். ஆனால் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பழைய வடிவில் எழுதக் கற்பிப்பதில்லை. புதிய நூலைப் பழைய வடிவில் அச்சிடுவதும் இல்லை. பழையதைப் படிக்கலாம், பழையதில் எழுதலாகாது. மின்னேட்டுக்கும் இவ்விதியே பொருந்தும். பழைய பூட்டால் பூட்டியவற்றைத் திறந்து படிக்கும் ஆற்றல் எந்திரத்துக்குச் சிறிது காலம் இருக்கட்டும். ஆனால் இன்று எழுதும் ஒரு வரியையும் பழைய பூட்டால் பூட்டலாகாது. திறந்து படித்ததைத் திரும்ப வைக்கும்போது புதிய பூட்டிட்டே வைக்க வேண்டும்.

ஒரு வேற்றுமையை மட்டும் மறத்தலாகாது. பழைய எழுத்தில் அச்சான நூல் அலமாரியில் எத்தனை ஆண்டு இருந்தாலும் எவர்க்கும் தீங்கில்லை. பழைய பூட்டின்கீழ் இருக்கும் ஏடு நாள்தோறும் தீங்குக்கு நெருங்குகிறது. ஆதலின் படிப்பதற்கும் ஒரு கடைசி நாள் குறிக்க வேண்டும். அந்நாளை முன்கூட்டி ஊரறியச் சொல்ல வேண்டும். அதற்குள் முதியவர்களையும் எளியவர்களையும் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். 2023-இல் நிறைவேறிய எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காவல் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்திருக்கிறது. சட்டம் அஞ்சச் செய்யும். நாள் குறிப்பதும் துணை செய்வதும் ஏட்டைக் காப்பவர் கடமை.

நம் கடமையும் சிறிது உண்டு. பல்லாண்டு தொடாமல் விட்ட கணக்குகள் எவையேனும் இருப்பின், ஒருமுறை உட்புகுந்து கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நன்று. பல ஏடுகளில், உரியவர் வந்து சொல்லைத் தரும்போதுதான் பழைய மாவு போய்ப் புதிய மாவு இடம் பெறுகிறது. வாராதவர் மாவு பழையதாகவே கிடக்கும். வேண்டாத கணக்கை மூடிவிடுதல் அதனினும் நன்று. கார்டை எங்கெங்குப் பயன்படுத்தலாம் என்பதை நாமே திறக்கவும் மூடவும் 2020 முதல் வங்கிகள் வசதி தந்துள்ளன; வெளிநாட்டுப் பயன்பாடு வேண்டாதவர் அதனை மூடி வைக்கலாம். ஆதார் எண்ணைக் கேட்கும் இடமெல்லாம் முழு எண்ணையும் படியெடுத்துக் கொடாமல், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்புப் படி போதுமாவென்று கேட்கலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது பெற்றோரின் கார்டையும் கைபேசியையும் கையில் வாங்கி, மாற்ற வேண்டியவற்றை அவர்கள் பக்கத்தில் அமர்ந்து மாற்றிக் கொடுத்துவிட்டு வரலாம். தொலைபேசியில் நூறு தடவை சொல்வதினும் அவ்வொரு நாள் உதவும்.

இன்னொரு மாற்றமும் வாயிலில் நிற்கிறது. குவாண்டம் கணிப்பொறிகள் முழு ஆற்றல் பெறும் நாளில், இப்போது சாவிகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படும் பூட்டுக்கள் சில திறந்துவிடும் என்று அறிஞர் எச்சரிக்கின்றனர். அந்நாளைக்குத் தாங்கும் புதிய முறைகளை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்டது. நம் அரசும் 2023-இல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. இன்று களவாடி வைத்துக்கொண்டு, நாளை சாவி கிடைத்தபின் திறந்து பார்க்கலாம் என்று காத்திருப்பவரும் உண்டு. ஒருவர் வாழ்நாள் முழுதும் மாறாத செய்திகள் பல நம் ஏடுகளில் இருப்பதால், மாறும் வேலையை இப்போதே தொடங்க வேண்டியிருக்கிறது.

மாறுவது எளிதாக வேண்டுமாயின், இன்று அமைக்கும் ஏட்டிலேயே நாளைக்கென்று இடம் விட்டு வைக்க வேண்டும். பணம் அனுப்பும்போதெல்லாம் நாம் எழுதும் ஐ.எப்.எஸ். குறியீட்டை அறிவீர்கள். 2001-இல் இந்த ஹைதராபாத் நிறுவனம் உருவாக்கிய வங்கிச் செய்திப் பரிமாற்ற அமைப்பில் பயன்பட்டு வரும் அக்குறியீடு பதினோர் எழுத்துக்களால் ஆனது. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும்; கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவில் ஐந்தாம் இடத்தில் ஒரு சுழியம் நிற்கும். அது எதனையும் குறிப்பதில்லை. பிற்காலத் தேவைக்கென்று விட்டுவைத்த இடம் அது. மறையிடும் ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும், இஃது எந்தப் பூட்டு, எந்தச் சாவி என்று சொல்லும் சிறு குறியொன்றை இட்டு வைத்தால், பின்வருவோர் எது பழையது என்று உடனே கண்டு, ஏட்டை நிறுத்தாமலே பூட்டை மாற்றிக்கொள்வர். அடுத்த தடவை ஊருக்குப் பணம் அனுப்பும்போது அந்தச் சுழியத்தைச் சிறிது நின்று நோக்குங்கள்.